மூணாவது உருளை

உக்காருங்க, உக்காருங்க. அந்தாளு இனி வர மாட்டான். சன்னலோரம் நான் உக்காந்துக்கறேன், கொஞ்சம் தள்ளுங்கன்னு தன்மையாத்தானுங்க கேட்டேன். முறைச்சான். காலரைப் பிடிச்சுத் தூக்கி நிக்க வெச்சேன், அவ்வளவுதான். அடிக்கவே இல்லை. கண்டக்டரும் பாத்துட்டுத்தானே இருந்தாரு, ஒரு வார்த்தை பேசினாரா? நாயம் என்ற பக்கம் இருந்துச்சு.

அன்னூருங்களா? நான் அதுக்கு முந்தியே காளியாபுரம் பிரிவுல எறங்கிக்குவேன். தங்கச்சி ஊட்டுக்குப் போறனுங்க. நாகமணின்னு பேரு. என்ற கூடப் பொறந்தது அது ஒண்ணுதான். அவகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கோணும். நேத்து எங்க கம்பெனிக்குப் போயி, ஆபீஸ் ரூம்ல சேர் போட்டு உக்காந்து, சொந்த அண்ணனைப் பத்தி இல்லாததும் பொல்லாததும் சொல்லிப்போட்டு வந்திருக்கறா. ஏன்டி சொன்னேன்னு கேக்கோணும். அவ என்ன பதில் சொல்றாங்கறதைப் பொறுத்துத்தான் மத்ததெல்லாம்.

நான் கம்பி இழுக்கறவனுங்க. கிட்டுச்சாமின்னா சூலூர்ப் பக்கத்துக் கம்பிப் பட்டறைக்காரங்க அத்தனை பேருக்கும் தெரியும். தடிக் கம்பியைச் சின்ன ஓட்டைக்குள்ள விட்டு அந்தப் பக்கம் பிடிச்சு இழுத்தா சன்னமா வரும். அப்புறம் அதைவிடச் சின்ன ஓட்டை, அதையும்விடச் சின்ன ஓட்டை. அந்த ஓட்டை போட்ட வில்லைக்கு டைன்னு பேரு. இருவத்திரண்டு வருசம். என்ற கையில கம்பி அறுந்ததே இல்லீங்க. அறுந்துச்சுன்னா அது கம்பியோட கோளாறு, இல்லீன்னா பக்கத்துல நிக்கறவனோட கோளாறு. ஒருக்கா ஒருத்தன் டைக்கு எண்ணெய் விட மறந்துட்டான். அவன் தலையை அந்த எண்ணெய் டப்பாக்குள்ளயே முக்கி எடுத்தேன். அதுக்கப்புறம் அவன் மறக்கவே இல்லை. மறுமாசம் வேலையை விட்டு நின்னுட்டான், அது வேற.

மூணு வருசத்துக்கு முந்தி எங்க மொதலாளி புதுசா ஒரு கம்பியைக் கையில எடுத்தாரு. ஆஸ்பத்திரில ஆளைப் படுக்க வெச்சுக் குழாய்க்குள்ள தள்ளி ஸ்கேன் எடுக்கறாங்கல்ல, டமடமன்னு சத்தம் போடுமே, அந்த மிஷினோட காந்தத்துக்குச் சுத்தற கம்பி. அதைக் கொண்டுபோயி எரநூத்தி அறுவத்தொம்போது டிகிரில முக்கி வெப்பாங்க. சூடு இல்லீங்க, குளிரு. மைனஸு. அந்தக் குளிர்ல கரண்டை ஒருக்கா உள்ள விட்டாப் போதும், சுத்திட்டே இருக்குமாமா. தேயாதாமா, சூடாகாதாமா. எல்லாம் தாட்சாயணி மேடம் சொன்னது. இந்தக் கம்பிக்குன்னே வந்த இஞ்சினியரு. சின்ன வயசுதான், ஆனா மைக்ராஸ்கோப்புல கண்ணை வெச்சா சோறு தண்ணி வேண்டாம் அதுக்கு. அந்தம்மா சூப்பர் கண்டக்டர்னு சொல்லும். நாங்க குளிர்க்கம்பின்னு சொல்லுவோம்.

அது வெறும் செம்பு இல்லீங்க. நயோபியம், டைட்டானியம்னு ரெண்டு உலோகம் கலந்து, மேல செம்புத் தோல் போட்டு, பென்சிலாட்ட ஆறு பட்டை. அந்த மாதிரி எரநூத்திப் பதினேழு கம்பியைக் கட்டா அடுக்கி ஒரு செம்பு உருளைக்குள்ள எறக்கோணும். உள்ள இருக்கற காத்தையெல்லாம் உறிஞ்சிட்டு மூடியை வெல்டு வெப்பாங்க. வெளியூருக்கு அனுப்பி, சூடு பண்ணி, நசுக்கி நீட்டி வாங்கிட்டு வருவாங்க. அங்க இருந்து என்ற வேலை. இழுக்கறது, அடுப்புல போடறது, மறுக்கா இழுக்கறது. கடைசில குண்டூசித் தண்டிக்கு வந்து நிக்கும்போது உள்ள அந்த எரநூத்திப் பதினேழும் அறாம இருக்கோணும். ஒவ்வொண்ணும் தலைமுடியைவிடச் சன்னம். உள்ள ஒரு தூசி இருந்தாப் போச்சு. உருளையில இருக்கறப்ப அது தூசி. கம்பி சன்னமாக ஆக, அது அங்கயே பாறையாட்ட நிக்கும்.

அதனால அடுக்கறதுக்குத் தனியாக் கண்ணாடி ரூமு. தலைக்கு உறை, கைக்கு உறை, வாய்க்குத் துணி. அந்த ரூமுக்குப் பொறுப்பு என்ற மாப்பிள்ளை வஞ்சிமுத்து. நாகமணி ஊட்டுக்காரன். பொண்ணும் நாந்தான் குடுத்தேன், வேலையும் நாந்தான் வாங்கிக் குடுத்தேன். வாயில்லாத பையன். வெத்தலை போடறது ஒண்ணுதான் கெட்ட பழக்கம். ரூமுக்குள்ள போட மாட்டான். வெளிய வந்து போட்டுட்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு உள்ள போவான். அப்படீன்னு அவன் சொல்லுவான்.

மொத உருளை நசுக்கற எடத்துலயே வெடிச்சுப் போச்சு. ரெண்டாவது என்ற கைக்கு வந்து, ரெண்டு மில்லிமீட்டர்ல அறுந்துச்சு. கம்பி அறுந்து நீங்க பாத்திருக்க மாட்டீங்க. சத்தம் பொறவுதான் வரும், கம்பி மொதல்ல வந்துரும். இங்க பாருங்க, கன்னத்துல. பல்லு தெரிஞ்சுதுங்க இந்த ஓட்டை வழியா. பக்கத்துல நின்ன பிட்டருக்குக் காதுல பாதி போச்சு. நான் ரத்தம் ஒழுகஒழுகப் போயி அவனை ஒரு அறை விட்டேன், இழுக்கற நேரத்துல அங்க உனக்கு என்னடா வேலைன்னு. பாதிக் காதைக் கையில பிடிச்சுட்டு முழிக்கறான்.

மொதலாளி அத்தனை பேரையும் நிக்க வெச்சுட்டுச் சொன்னாரு, "கிட்டு, மூணாவது உருளைதான் கடைசி. இதும் அறுந்துச்சுன்னா குளிர்க்கம்பியும் வேண்டாம், நீயும் வேண்டாம்." அத்தனை பேரையும் நிக்க வெச்சுட்டுங்க. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேன். அன்னைக்கு ஊட்டுக்குப் போயி, சோத்துல உப்பு இல்லைன்னு தட்டத்தோட செவுத்துல அடிச்சேன். சம்சாரம் அவங்கம்மா ஊட்டுக்குப் போனவதான், இன்னும் வரலை. வருவா.

அப்பத்தானுங்க நான் ஒரு காரியம் பண்ணினேன். வெளிய யாருக்கும் சொல்லலை, நீங்க பாத்தா வெவரமான ஆளாட்ட இருக்கறீங்க, சொல்றேன். எங்க குலசாமி கோயில் பூசாரிகிட்டப் போயி ஒரு தகடு எழுதி வாங்கினேன். செம்புத் தகடு, சுண்டுவிரல் நீளம். கட்டம் கட்டி எழுத்தெழுதி, உள்ள சாமி திருநீறு ரெண்டு சிட்டிகை வெச்சுச் சுருட்டிக் குடுத்தாரு. எங்கீங்க வெக்கறதுன்னு கேட்டேன். "உன்ற தொழில் எங்க ஆரம்பிக்குதோ அங்க வெய்யி"ன்னாரு. மிஷின்ல கட்டலாம்னுதான் மொதல்ல நினைச்சேன். ரோசனை பண்ணிப் பாத்தா, தொழில் மிஷின்லயா ஆரம்பிக்குது? உருளைல தானுங்களே ஆரம்பிக்குது.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடிச்சு எல்லாரும் போனதும் கண்ணாடி ரூமுக்குள்ள போனேன். செருப்பை வெளியவே கழட்டிட்டுத்தானுங்க போனேன், சுத்தபத்தம் எனக்கும் தெரியும். உருளை அடுக்கி முடிச்சு, மூடி போடாம நின்னுட்டு இருந்துச்சு. கட்டு ஆறு பட்டை, உருளை வட்டம், ஓரத்துல சந்து இருக்கும்ல? அந்தச் சந்தை அடைக்கச் செம்புக் குச்சி சொருகியிருப்பாங்க. அதுல ஒரு குச்சிக்குப் பக்கத்துல தகட்டை விட்டு அமுக்கினேன். கும்பிட்டேன். வந்துட்டேன். செம்புக்குள்ள செம்பு, அதுல என்ன ஆகிரும்? யாரும் பாக்கலை.

உருளை மூடி, வெல்டாகி, வெளியூரு போயி நல்லபடியா நீண்டு வந்துச்சு. பாத்தீங்களா, மொத உருளையாட்ட வெடிக்கலை. நான் இழுக்க ஆரம்பிச்சேன். எட்டு மில்லிமீட்டர், ஆறு, நாலு. பட்டாட்ட வருது. போன தடவை அறுந்த ரெண்டு மில்லிமீட்டரையும் தாண்டுச்சு. மேடத்துக்கு வாயெல்லாம் பல்லு. மாப்பிள்ளை மட்டும் எனக்குப் பக்கத்துல வந்து வந்து நிக்கறான், மூஞ்சில ஈயாடலை. ஒரு நாளு, "மச்சான், இதுக்கு மேல இழுக்க வேண்டாமுங்க, மேடத்துகிட்ட ஒரு வார்த்தை கலந்துட்டு"ன்னு இழுத்தான். "உன்ற வேலையைப் பாருடா"ன்னு நெஞ்சுல கையை வெச்சுத் தள்ளினேன். போயி டிரம்மு மேல உழுந்தான்.

ஒண்ணே கால் மில்லிமீட்டர்ல அறுந்துச்சு.

முடிச்சுப் போட்டு இழுக்கற கம்பி இல்லீங்க அது. அறுந்தா அறுந்ததுதான். மறுக்கா முனையைக் கூராக்கி, டைல விட்டு, இழுத்தேன். நூறு மீட்டர் போச்சு, அறுந்துச்சு. மறுக்கா. அறுந்துச்சு. ஒரு தடவை கம்பி சுழண்டு வந்து மேல இருந்த டியூப் லைட்டை ஒடைச்சு, கண்ணாடியெல்லாம் தலைல கொட்டுச்சு. நான் நிறுத்தலை. பதினேழு தடவைங்க. பதினேழாவதுல மொதலாளி வந்து, கீழ கெடந்த கம்பித் துண்டை எடுத்து என்ற மூஞ்சில வீசினாரு. "இருவத்திரண்டு வருசம்னு பீத்திக்கிட்டயே, இதாடா உன்ற இழுப்பு?" அந்த எடத்துல வேற எவனா இருந்தாலும் கழுத்தைத் திருகியிருப்பேன். மொதலாளியாச்சே. கையைக் கட்டிட்டு நின்னேன்.

தகடு மட்டும் இல்லீன்னா மொத இழுப்புலயே போயிருக்குமுங்க. சாமிதான் அத்தனை தூரம் இழுத்துக் குடுத்துச்சு.

மேடம் அறுந்த துண்டையெல்லாம் எடுத்துட்டுப் போயி, அமிலத்துல செம்பைக் கரைச்சு, மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்துச்சு. மறுநாள் காலைல என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, எல்லா அறுப்பும் ஒரே ஓரத்துலதான் ஆரம்பிக்குது. வெள்ளையா ஏதோ பொடி இருக்கு. கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து. அடுக்கும்போதுதான் உள்ள போயிருக்கணும்"னு சொல்லுச்சு.

சுண்ணாம்பு. அந்த ஒத்தை வார்த்தை போதுமுங்க எனக்கு. கம்பெனில வெத்தலை போடற ஆளு ஒருத்தன்தான்.

நேரா வந்தேன். கம்பி முனையைக் கூராக்கற மிஷினைத் தொடச்சுட்டு நின்னான். அந்த மிஷினு எப்படீன்னா, ஒரு வாய் இருக்கும், அதுல கம்பி முனையை விட்டுக் காலால பெடலை மிதிச்சா, உள்ள நாலாபக்கமும் இருந்து சுத்தியலாட்டத் தட்டிச் சன்னமாக்கும். தடிச்ச கம்பியையே ஊசியாக்கிரும்.

"மாப்ளே, உருளைக்குள்ள என்னடா போட்டே?"ன்னேன்.

"நான் ஒண்ணும் போடலீங்க மச்சான்."

ஒரு அறை. வாயில இருந்து வெத்தலைச் சாறும் ரத்தமும் சேந்து வந்துச்சு. எது எதுன்னு தெரியலை. வயித்துல ஒரு குத்து. கீழ உழுந்தவனை முடியைப் பிடிச்சுத் தூக்கினேன். "மரியாதையா ஒப்புக்கோ. எனக்குத் தெரியும்டா"ன்னேன். அப்ப அவன் சொன்னான் பாருங்க, மெதுவா, வேற யாருக்கும் கேக்காத மாதிரி. "மச்சான், நான் யாருகிட்டயும் சொல்லலீங்க. சொல்லவும் மாட்டனுங்க. உடுங்க."

கேட்டீங்களா? இதுக்கு என்ன அர்த்தம்? ஒண்ணுமே பண்ணாதவன் எதைச் சொல்ல மாட்டேங்கறான்? நீங்களே சொல்லுங்க. ஒப்புக்கிட்டான்ல? என்ற காதாலதான் கேட்டேன், அவனோட வாயாலதான் சொன்னான்.

"எந்த விரல்லடா சுண்ணாம்பு தடவுவே?"ன்னு கேட்டேன். சொல்லலை. சரின்னு வலது கையை மொத்தமாப் பிடிச்சு மிஷின் வாய்க்குக் கொண்டு போனேன். அவன் கெஞ்சினான். பொண்டாட்டி பேரைச் சொல்லிக் கெஞ்சினான், என்ற தங்கச்சி பேரை என்கிட்டயே சொல்றான். பெடலை மிதிச்சுட்டேன். நான் மிதிச்சது ஒரு நொடிதானுங்க. அந்த மிஷினுக்கு ஒரு நொடி நெறையா. மூணு விரலு. சத்தம் இன்னும் காதுல இருக்குது, கம்பியைத் தட்டற சத்தம் இல்லை அது. அவன் ஒருக்காத்தான் கத்தினான். அப்புறம் என்னையே பாத்துட்டு இருந்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கலை. பக்கத்துல கெடந்த பைப்பை எடுத்துத் தோள்ல ரெண்டு போட்டேன். நாலு பேரு வந்து இழுத்தாங்க. அதுல ஒருத்தன் கையைக் கடிச்சு வெச்சுட்டேன்.

எதுக்குங்க அப்படித் தள்ளி உக்காரறீங்க? கால் நீட்ட எடம் பத்தலையா? நல்லா உக்காருங்க.

போலீஸ் ஆஸ்பத்திரிக்கே வந்துச்சு. மாப்பிள்ளை என்ன எழுதிக் குடுத்தான் தெரியுமுங்களா? கையுறை மிஷின்ல மாட்டி இழுத்துருச்சு, மச்சான்தான் ஓடி வந்து கையை வெளிய எடுத்தாருன்னு. பாத்த நாலு பேரும் அதையே சொல்லிட்டாங்க, அவங்களுக்கு என்னைத் தெரியும். மொதலாளிக்கும் வெளிய தெரியாம போனாச் சரி. நானே ஆடிப்போயிட்டேன். விரலைப் பறிகுடுத்தவன் எதுக்குங்க என்னைக் காப்பாத்தறான்? தப்புப் பண்ணினவன்கறதாலதானே? உள்ள உறுத்துது, வேற என்ன. நான் அன்னைக்கே அவனை மன்னிச்சுட்டேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போனேன். நாகமணி வாசல்லயே வாங்கி, நர்ஸ்கிட்டக் குடுத்துட்டா. என்ற மூஞ்சியப் பாக்கலை.

ஆறு வாரம் அப்படியே போச்சு. நேத்துத்தான் இவ கிளம்பிப் போயிருக்கறா. மேடம் முன்னால உக்காந்து எல்லாத்தையும் கொட்டியிருக்கறா. எங்கண்ணன்தான் உருளைக்குள்ள திருநீத்துத் தகடு வெச்சான், எங்க ஊட்டுக்காரரு சோறு உங்காமத் திரும்பி வந்தவரு கண்ணாடி வழியாப் பாத்துட்டாரு, சொன்னா மச்சானுக்கு வேலை போயிரும்னு வாயை மூடிட்டு இருந்தாரு, அதுக்குத்தான் இந்தக் கைன்னு. மேடம் உடனே அந்தத் துண்டையெல்லாம் மறுக்கா எடுத்துப் பாத்து, ஆமா, திருநீறுதான், அதுலயும் இதே சுண்ணாம்புச் சத்து உண்டு, செம்புச் சுருள் தேஞ்ச தடங்கூட இருக்குதுன்னு சொல்லிருச்சாமா. அன்னைக்குச் சுண்ணாம்பு, இப்பத் திருநீறு. இதெல்லாம் ஒரு படிப்பா? திருநீறு எப்படிங்க கம்பியை அறுக்கும்? நெத்தியில வெக்கறது.

சரி, அவன் பாத்தான்னே வெச்சுக்குவோம். பாத்தவன் அன்னைக்கே சொல்லியிருக்கோணுமா இல்லியா? உருளை மூடறதுக்கு முன்னால மச்சான் இது வேண்டாமுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எடுத்திருக்க மாட்டனா? அடிச்சிருப்பேன்தான். ஆனா எடுத்திருப்பேன். பாத்துட்டு மறைச்சவன் குத்தவாளியா, சாமியை நம்பினவன் குத்தவாளியா? எப்படிச் சுத்தி வந்தாலும் அவன்கிட்டத்தானுங்க வந்து நிக்குது.

இன்னைக்கு மத்தியானம் கணக்கை முடிச்சு அனுப்பிட்டாங்க. நாகமணி பொழுதோட ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கறாளாமா, மேடம் கூடப் போகுதாமா. பொழுது சாய இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்குது.

அவ அப்படிப்பட்டவ இல்லீங்க, அதுதான் எனக்கு ஆறலை. சின்னதுல ஒருக்கா அவ கையைப் பிடிச்சு முறுக்கினேன், எதுக்குன்னுகூட ஞாபகம் இல்லை. எலும்பு ஒடைஞ்சு போச்சு. அம்மா கேட்டதுக்குக் கெணத்து மேட்டுல வழுக்கி உழுந்துட்டேன்னு சொன்னா. எட்டு வயசுல அத்தனை பாசம். இத்தனை வருசத்துல என்னைப் பத்தி ஒரு சொல்லு வெளிய சொன்னதில்லை. இப்ப மட்டும் எப்படி வாய் வந்துச்சு? அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க? அதைத்தான் கேக்கப் போறேன். சொன்னதையெல்லாம் இல்லைன்னு ஒரு காயிதத்துல எழுதி வாங்கோணும். எழுதிட்டான்னா நான் ஏன் கை வெக்கறேன்?

மாப்பிள்ளை இன்னைக்குக் கட்டு மாத்தப் பெரியாஸ்பத்திரி போயிருப்பான், புதன்கிழமை போவான். தனியாத்தான் இருப்பா. நல்லதுதான், அண்ணன் தங்கச்சி பேச்சுக்கு நடுவுல மூணாவது ஆளு எதுக்கு? கதவைத் தாழ் போட்டு வெச்சிருப்பா. பரவால்லை. "நாகு"ன்னு ஒரு குரல் குடுத்தாத் தொறந்துருவா. அண்ணன் குரலுக்குத் தொறக்காம இருந்ததே இல்லை.

பையா? பழமுங்க. தங்கச்சி ஊட்டுக்கு வெறுங்கையோட போவாங்களா? அடியில கனமா இருக்கறது என்ற சாமானம். ஸ்பேனரு, கட்டரு, கம்பி பிடிக்கற பெரிய குறடு. கணக்கை முடிச்சப்ப, உன்றதை நீ எடுத்துட்டுப் போன்னுட்டாங்க. நேரா பஸ் ஏறிட்டேன், ஊட்டுக்குப் போயி வெச்சுட்டு வர எங்க நேரம்?

அந்தா, பிரிவு வரப் போகுது. எறங்கறனுங்க. நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க, உங்களுக்கு அன்னூருதானே?

யாருக்குங்க போன்? ஊட்டுக்கா? ஊட்டுக்குப் பேசறவரு எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிக் கையை வெச்சு மறைச்சுட்டுப் பேசறீங்க? காளியாபுரம்னு எதுக்குச் சொல்றீங்க?

கட் பண்ணுங்க. இது குடும்ப விசயம். சொல்றது காதுல உழுகுதா இல்லியா?

அந்தப் போனை இப்படிக் குடு.